திறந்த கலத்தின் படம்

உர ஆலைகளைப் படம்பிடித்த ஆண்டுகளை இப்போது நினைத்துப் பார்க்கையில், அன்று பாராட்டுப் பெற்ற படங்கள் ஒரு பக்கமும், இன்று எனக்கு மதிப்புள்ளவையாகத் தோன்றும் படங்கள் வேறொரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன. பாராட்டுப் பெற்றவை பெரும்பாலும் அந்தி நேரத்துப் படங்கள். விளக்குகள் ஏற்றிய குழாய் வரிசைகள், உருகிய யூரியாவை மணிகளாக்கும், வானத்தைத் தொடும் பிரில்லிங் டவர், நீராவிப் புகைக்குப் பின்னால் சிவக்கும் மேகம். நிறுவனங்களின் ஆண்டறிக்கை அட்டையிலும் நாள்காட்டியிலும் அவைதான் இடம்பிடித்தன. இன்று எனக்கு மதிப்புள்ளவையாகத் தோன்றுபவை ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நாள்களில் எடுத்தவை. மூடி கழற்றிய கொதிகலன், வரிசையாக அடுக்கிய போல்ட்டுகள், அரிப்புத் தழும்பு விழுந்த உலோகச் சுவர், மேன்ஹோலுக்கு வெளியே பெயர்ப் பட்டியலோடு காவல் நிற்கும் ஒருவர். இவற்றை யாரும் அட்டையில் போட்டதில்லை. பலவற்றை யாரும் கேட்டு வாங்கியதுகூட இல்லை. ஆனாலும் ஓர் உர ஆலையின் மெய்யான படம் அது ஓடும்போது கிடைப்பதில்லை, நின்று, திறந்து, பழுதுபார்க்கப்படும் நாள்களில்தான் கிடைக்கிறது என்ற முடிவுக்கே இத்தனை ஆண்டு அனுபவம் என்னைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்தப் படங்களை எடுக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், உரியவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் காரணம் தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் உர ஆலை ஒரு மூடிய பாத்திரம். காற்றிலுள்ள நைட்ரஜனையும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்த ஹைட்ரஜனையும் இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தி அம்மோனியா ஆக்குவது வேலையின் முதல் பாதி. அந்த அம்மோனியாவைக் கரியமில வாயுவுடன் சேர்த்து யூரியா ஆக்குவது இரண்டாம் பாதி. முதல் வினை சுமார் 450 டிகிரி வெப்பத்தில், ஆலைக்கு ஆலை மாறுபட்டு வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 முதல் 250 மடங்கு அழுத்தத்தில் நடக்கிறது. இரண்டாவது 180 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், 140 மடங்கும் அதற்கு மேலும் உள்ள அழுத்தத்தில் நடக்கிறது. இந்த இரண்டையும் எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. கையகலத் தடிமன் கொண்ட எஃகுச் சுவர், அதன்மேல் வெப்பம் காக்கும் பொதிவு, அதற்கும் மேல் அலுமினியத் தகட்டுச் சட்டை. கேமராவுக்குக் கிடைப்பது அந்தச் சட்டை மட்டுமே. அம்மோனியா உருவாகும் கலம் கன்வெர்ட்டர். ஓடும் கன்வெர்ட்டரையும் நின்றுபோன கன்வெர்ட்டரையும் வெளியிலிருந்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்தால், எது ஓடுகிறது என்று தேர்ந்த பொறியாளராலும் சொல்ல முடியாது. அழுத்தத்துக்கு உருவமில்லை. கம்ப்ரசரின் இரைச்சல் காதடைப்பானையும் தாண்டி நெஞ்சுக்கூட்டில் அதிரும். ஆனால் படத்தில் அது ஊமை. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியும் படத்தில் ஏறாது. ஆக, அந்த ஆலையை அந்த ஆலையாக ஆக்குகிற எல்லாமே ஓடும் நேரத்துப் படத்திலிருந்து நழுவிவிடுகின்றன.

ஓடும் ஆலையில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. சில சாளரங்கள் உண்டு. எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் ரிஃபார்மர் உலையின் சுவரில் சிறிய பார்வைத் துளைகள் இருக்கும். உள்ளே நிக்கல் வினையூக்கி நிரப்பிய நூற்றுக்கணக்கான குழாய்கள் செங்குத்தாகத் தொங்கி, தீச்சுவாலைகளுக்கு நடுவே ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஷிப்ட் தோறும் ஆபரேட்டர் அந்தத் துளை வழியாகக் குழாய்களின் நிறத்தைப் பார்த்து, எந்தக் குழாய் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று கணிப்பார். வடிவமைத்த அளவைவிட 20 டிகிரி கூடினாலே குழாயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு. அதனால் அந்த நிறம் அவருக்கு ஓர் அளவுகோல். அங்கே எடுக்கும் படமும் அகச்சிவப்புக் கேமரா எடுக்கும் வெப்பப் படமும் பயனுள்ளவைதான். பிரில்லிங் டவரின் உச்சியில் 133 டிகிரியில் உருகிய யூரியா துளித்துளியாகச் சிதறி, கீழிருந்து எழும் காற்றில் குளிர்ந்து, கடுகுக்குச் சற்றே பெரிய மணிகளாகி விழுகிறது. அங்கே படத்துக்குக் கிடைப்பது வெண்மூட்டமும், ஈரத்தை இழுத்துக்கொண்டு லென்ஸில் பிசுபிசுக்கும் தூசியும். மூட்டை கட்டும் கூடத்தில் மனிதர்கள் தெரிவார்கள், வேலை தெரியும். ஆனால் அது ஆலையின் வாசல். அங்கே வந்து சேர்வதற்குள் உரம் உரமாகிவிட்டது. இந்தச் சாளரங்கள் ஆலையின் சில கணங்களைக் காட்டுகின்றன. அதன் உடம்பைக் காட்டுவதில்லை.

உடம்பு தெரிவது ஷட்டவுனில். ஆண்டுக்கொரு முறையோ, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொரு முறையோ ஆலை முழுதாக நிறுத்தப்படுகிறது. வாயு வெளியேற்றப்பட்டு, நைட்ரஜன் செலுத்திக் குழாய்கள் துடைக்கப்பட்டு, இரும்புத் தட்டுகள் செருகி ஒவ்வொரு பகுதியும் தனிமைப்படுத்தப்பட்ட பிறகு மூடிகள் கழற்றப்படுகின்றன. பல டன் எடையுள்ள மூடியைக் கிரேன் தூக்கும்போது அதை வழிநடத்தும் ரிக்கர் காட்டும் கைச்சைகையில் அந்த நாளின் முழுப் பொறுப்பும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் தொங்கிய ரிஃபார்மர் குழாய்களின் விட்டத்தை அளந்து, எது வீங்கியிருக்கிறது என்று குறிப்பார்கள். வெப்பப் பரிமாற்றிகளின் குழாய்க் கற்றைகளை வெளியே இழுத்து, மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சிப் படிவு நீக்குவார்கள். யூரியா ரியாக்டருக்குள் ஆய்வாளர் இறங்கி, உட்புற உறையின் ஒவ்வொரு வெல்டிங் கோட்டையும் கண்ணால் பார்த்துக்கொண்டே வருவார். யூரியா உருவாகும் வழியில் பிறக்கும் அம்மோனியம் கார்பமேட் எஃகைத் தின்றுவிடும். அதைத் தாங்குவதற்காகவே தனி எஃகாலோ டைட்டேனியத்தாலோ செய்த உறை உள்ளே போர்த்தப்பட்டிருக்கும். அந்த உறையில் எங்காவது ஓட்டை விழுந்தால் உடனே தெரியவேண்டும் என்பதற்காக வெளிச்சுவரில் சின்னஞ்சிறு துளைகள் இட்டிருப்பார்கள். கசிவு ஏற்பட்டால் அந்தத் துளையில் வெண்ணிறப் படிவு கட்டும். மாபெரும் கலத்தின் உயிர் அந்தத் துளைகளை நம்பி இருக்கிறது. ஆலையின் பக்கவாட்டுத் தோற்றத்தை ஆயிரம் முறை எடுத்தாலும் தெரியாத உண்மை, அந்தத் துளையை அருகிலிருந்து எடுத்த ஒரே படத்தில் தெரிந்துவிடும்.

திறந்து பார்ப்பது இந்தத் தொழிலின் பிறப்போடு சேர்ந்தது என்பதையும் வரலாறு சொல்கிறது. ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் ஆய்வுக்கூட மேசையில் அம்மோனியாவைத் துளித்துளியாகச் சொட்ட வைத்துக் காட்டினார். அதை ஆலை அளவுக்கு வளர்க்கும் பொறுப்பு கார்ல் போஷிடம் வந்தது. அவர் கட்டிய எஃகுக் குழாய்கள் சுமார் 80 மணி நேரம் ஓடிய பிறகு வெடித்தன. அழுத்தம் கூடிப்போனதுதான் காரணம் என்று ஊகித்துச் சுவரைத் தடிமனாக்கியிருந்தால் அவர் தோற்றிருப்பார். உலோகவியல் கற்றவரான போஷ் வெடித்த குழாயை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதன் கரியைப் பறித்துக்கொண்டு, உறுதியான எஃகை நொறுங்கும் பொருளாக்கியிருந்தது. உள்ளே மென்மையான இரும்புறை, வெளியே உறுதி தரும் எஃகு, அந்த வெளிச்சுவரில் ஊடுருவிய ஹைட்ரஜன் வெளியேற நுண்துளைகள் என்ற தீர்வை அந்தப் பார்வைதான் தந்தது. 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓப்பாவில் உலகின் முதல் செயற்கை அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் உணவு இந்த வழியில் பிடித்த நைட்ரஜனை நம்பி விளைகிறது என்று கணிக்கிறார்கள். அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு அடியில் இருப்பது, உடைந்துபோன ஒரு பொருளைத் தூக்கி எறியாமல் திறந்து உற்றுப் பார்த்த செயல். ஷட்டவுன் படம் செய்ய வேண்டியதும் அதே வேலைதான்.

அப்படிப் பார்க்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கும் அதே ஓப்பாவிலிருந்தே சான்று கிடைக்கிறது. அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரேட்டும் கலந்த உரம் சேமிப்புக் கிடங்கில் கட்டிதட்டிப் பாறைபோல் இறுகிவிடும். அதை உதிர்க்கச் சிறு வெடிமருந்துகளைப் பயன்படுத்துவது அங்கே அன்றாட வழக்கமாக இருந்தது. ஆயிரக்கணக்கான முறை அப்படிச் செய்தும் ஒன்றும் நேரவில்லை. 1921 செப்டம்பர் 21 காலையில் கிடங்கு வெடித்தது. 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலகம் அறிந்த படம் அதற்குப் பிறகு எடுக்கப்பட்டது, கிடங்கு நின்ற இடத்தில் இருந்த பெரும்பள்ளத்தின் படம். போபாலையும் நாம் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அது பூச்சிக்கொல்லி ஆலை, உர ஆலை அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றே. நச்சு வாயு கசிந்த 1984 டிசம்பர் என்றதும் மண்ணில் புதைக்கப்படும் குழந்தையின் முகம் கண்முன் வருகிறது. நச்சு வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் கருவி பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்ததும், வாயுவை எரித்துத் தீர்க்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுதுவேலைக்காகக் கழற்றப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. கழற்றிய அந்தக் குழாயின் படம் நம் நினைவில் இல்லை. படம் ஒன்று இருந்திருந்தால் அந்த இரவே நேர்ந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. முடிவெடுக்கும் மனிதர்கள் மாறாமல் எந்தப் படமும் யாரையும் காப்பாற்றாது. ஆனால் விபத்துக்குப் பின் எடுத்த படம் அழுவதற்கு மட்டுமே உதவுகிறது. விபத்துக்கு முன் எடுத்த படம் கேள்வி கேட்க உதவும். ஷட்டவுன் படம் எப்போதும் முன்னால் எடுக்கும் படம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. அது வலுவான மறுப்பு. ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் தீப்பற்றும். அதைப் பற்றவைக்கக் கண்ணுக்குத் தெரியாத சிறு பொறி போதும். சாதாரணக் கேமராவின் மின்கலமும் ஃபிளாஷும் அந்தப் பொறியைத் தரக்கூடியவை. அதனால்தான் ஓடும் பகுதிக்குள் கேமராவைக் கொண்டுபோக வெல்டிங் வேலைக்கு வாங்குவதுபோல் ஹாட் ஒர்க் பெர்மிட் வாங்கி, வாயு அளவைச் சோதித்த பிறகே எடுக்க வேண்டும் என்று ஆலைகள் விதித்திருக்கின்றன. அந்த விதியைப் படக்காரர்கள் தொல்லையாக நினைக்கக்கூடாது. வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். நல்ல கோணத்துக்காகக் கைப்பிடிக் கம்பிக்கு வெளியே சாய்வதும், பார்வைத் துளையில் தேவைக்கு அதிகமாக நிற்பதும், பெர்மிட்டில் எழுதாத இடத்தில் கால் வைப்பதும் எந்தப் படத்தாலும் நியாயமாகிவிடாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. வாயு நீக்கி, சோதித்து, தனிமைப்படுத்திய நாள்களில் கேமராவால் வரும் ஆபத்து மிகக் குறைவு. அப்போதும் ஓர் எச்சரிக்கை உண்டு. வினையூக்கி மாற்றும் கலம் நைட்ரஜனால் நிரம்பியிருக்கும். பயன்பட்ட இரும்பு வினையூக்கி காற்றுப் பட்டால் தானே சூடேறிக் கனலும் என்பதால் அப்படிச் செய்கிறார்கள். நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. உள்ளே இரண்டு மூச்சு இழுப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். அங்கே சுவாசக் கருவியோடு இறங்குவது அதற்குப் பயிற்சி பெற்றவரின் வேலை. படம் எடுப்பவரின் இடம் மேன்ஹோலுக்கு வெளியே, காவல் நிற்பவருக்கும் பின்னால்.

இரண்டாவது மறுப்பு ரகசியம் பற்றியது. தொழில்நுட்பம் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து உரிமம் பெற்றது, போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்கள், கெட்ட எண்ணமுள்ளவர்கள் பயன்படுத்துவார்கள் என்பார்கள். இதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. வினையூக்கியின் சேர்மானம், உள்ளுறுப்புகளின் வடிவமைப்பு, காவல் ஏற்பாடுகள் ஆகியவை பொதுவில் வைக்கத் தக்கவை அல்ல. அவற்றை மறைத்து எடுப்பது எளிது. ஆனால் ரகசியம் என்ற சொல்லின் கீழ் ஒளித்துவைக்கப்படுவதில் பெரும்பகுதி பாடநூல்களில் உள்ளதே. எந்த ஆலையும் ஒளிக்க விரும்புவது வேறொன்று, தேய்மானம். துருப்பிடித்த தாங்கு சட்டமும் ஒட்டுப்போட்ட குழாயும் போட்டியாளருக்குப் பயன்படாது, பக்கத்துக் குடியிருப்புக்குப் பயன்படும். போபாலுக்குப் பிறகு 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 41பி பிரிவு, ஆலையில் உள்ள ஆபத்துகளையும் அவற்றுக்கான தற்காப்புகளையும் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில், கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். தங்கள் கடற்கரைக்கு அடியில் செல்லும் குழாய் எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதைப் படமும் தேதியுமாகப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இருக்க வேண்டும். எழுத்தில் தரும் அறிக்கையை எல்லோராலும் படிக்க முடியாது. படத்தை எல்லோராலும் பார்க்க முடியும்.

மூன்றாவதாக, பொறியாளர்களிடமிருந்தே ஒரு மறுப்பு வரும். ஒவ்வொரு குழாய்க்கும் வரைபடம் இருக்கிறது, கன்ட்ரோல் ரூமின் கணினி நொடிக்கு நொடி வெப்பமும் அழுத்தமும் பதிவு செய்கிறது, ஆய்வாளரின் தடிமன் அளவுகள் கோப்பில் இருக்கின்றன, இதற்கு மேல் படம் எதற்கு என்பார்கள். வரைபடம் ஆலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது, எப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவசரத்துக்கு வைத்த தாங்கலும், தற்காலிகம் என்று போட்டு நிரந்தரமாகிவிட்ட குழாயும், இடம் மாற்றிய வால்வும் சேர்ந்துகொண்டே போகும். அவற்றில் பல வரைபடத்தில் ஏறுவதில்லை. கணினி தன் உணர்கருவி இருக்கும் புள்ளியை மட்டும் அறியும். பொதிவுக்கு அடியில் ஈரம் தேங்கி எஃகை அரித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. அந்தப் பொதிவைப் பிரிக்கும் நாளில்தான் அது வெளிப்படும். தடிமன் எட்டு மில்லிமீட்டர் என்று கோப்பு சொல்லும். ஆனால் அந்த எட்டு மில்லிமீட்டர் சீராகத் தேய்ந்ததா, குழிகுழியாகத் தின்னப்பட்டதா என்பதைப் படம்தான் சொல்லும். எண்ணும் படமும் ஒன்றுக்கொன்று பகையில்லை. எண் இல்லாத படம் வெறும் தோற்றம், படம் இல்லாத எண் வெறும் நம்பிக்கை. அடுத்த ஷட்டவுனில் அதே இடத்தில் இறங்கும் புதிய ஆய்வாளருக்கு இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் முந்தியவரின் கண் கிடைக்கும்.

படம் பொய் சொல்லும் என்பது நான்காவது மறுப்பு. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அகலக்கோண லென்ஸ் சிறிய ஆலையைப் பெரிதாக்கும். தரையைக் கழுவி ஈரம் காயுமுன் எடுத்தால் பழைய தளம் பளபளக்கும். வண்ணம் பூசிய பக்கம் மட்டும் சட்டத்துக்குள் வந்தால் துரு இல்லாத ஆலை பிறந்துவிடும். பம்பாயிலிருந்து இயங்கிய மித்தர் பேதி, விடுதலைக்குப் பின் எழுந்த இந்தியத் தொழிற்சாலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவற்றின் வடிவ அழகுக்கு இணையாக இன்றுவரை இங்கே அதிகம் வரவில்லை. ஒரு புதிய நாட்டின் நம்பிக்கைக்கு அவை உருவம் கொடுத்தன. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் அவை தொடக்கத்தின் படங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடிய ஆலைக்கு வேறொரு ஒழுக்கம் தேவை. ஜெர்மனியின் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959இலிருந்து கைவிடப்படவிருந்த ஊதுலைகளையும் நீர்த்தொட்டிகளையும் மேகமூட்டமான ஒளியில், நேர்முகமாக, ஒரே முறையில் எடுத்து வரிசையாக அடுக்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் தனித்தன்மையும் துலங்கியது. அந்த முறையை ஓர் ஆலையின் காலத்துக்குப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு ஷட்டவுனிலும் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, தேதியும் கருவியின் எண்ணும் சட்டத்துக்குள் வரும்படி எடுக்க வேண்டும். ஒற்றைப் படம் பொய் சொல்லலாம். பத்து ஆண்டுகளில் ஒரே இடத்திலிருந்து எடுத்த பத்துப் படங்கள் சேர்ந்து பொய் சொல்வது கடினம்.

பெக்கர் தம்பதியிடமிருந்து நான் விலகும் இடமும் ஒன்று உண்டு. அவர்கள் படங்களில் மனிதர்கள் இல்லை. உர ஆலையின் படத்தில் மனிதர் இல்லாமல் இருக்கக்கூடாது. ஓடும் நாளில் ஆலையைச் சிலர் கன்ட்ரோல் ரூமிலிருந்து நடத்திவிடுகிறார்கள். ஷட்டவுனில் வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், சாரம் கட்டுபவர், பொதிவு பிரிப்பவர், துடைப்பவர் என்று பெரும் கூட்டம் உள்ளே வருகிறது. அவர்களில் மிகப் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை முடிந்ததும் அடுத்த ஊரின் அடுத்த ஆலைக்குப் போய்விடுபவர்கள். ஆலையின் எந்தக் கௌரவப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இராது. கலத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்று உண்மையில் அறிந்தவர்கள் அவர்களே. இங்கேயும் ஒரு மறுப்பு எழும். வியர்வையும் அழுக்குமாக இருப்பவர்களைப் படமெடுத்துக் காட்சிப்பொருளாக்குவது சரியா என்று கேட்பார்கள். பெயர் கேட்காமல், சம்மதம் பெறாமல், வெளிச்சத்துக்காக முகத்தைத் திருப்பச் சொல்லி எடுத்தால் அது தவறுதான். சம்மதம் கேட்டு, பெயரையும் அவர் செய்த வேலையையும் எழுதி, ஒரு படியை அவர் கையில் கொடுத்தால் அதே படம் அவருக்கான சான்றிதழ் ஆகிவிடும். இந்த ரியாக்டரின் இந்த வெல்டிங்கை நான் போட்டேன் என்று அவர் அடுத்த ஆலையில் காட்டலாம். அழுக்கு இழிவில்லை. உழைத்தவரின் பெயர் இல்லாமல் போவதுதான் இழிவு.

காலம் எவ்வளவு வேகமாக இவற்றைத் துடைத்துவிடுகிறது என்பதைப் பழைய ஆலைகள் காட்டுகின்றன. ஆலுவாய்க்கு அருகே பெரியாற்றங்கரையில் திருச்சி சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் எழுந்த ஃபாக்ட் நிறுவனம் 1947இல் உற்பத்தி தொடங்கியபோது, ஹைட்ரஜனுக்கு மூலப்பொருளாக இருந்தது விறகு. காட்டு மரத்தை வாயுவாக்கி அம்மோனியா செய்தார்கள். 1951இல் ஓடத் தொடங்கி, 1952இல் நேருவால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சிந்திரி உர ஆலை 2002இல் மூடப்பட்டது. அதே ஊரில் 2024இல் திறந்தது வேறொரு புதிய ஆலை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா செய்த ஆலை இன்று ஓடவில்லை. 1971இல் ஓடத் தொடங்கிய மணலியும், 1975இல் தொடங்கிய தூத்துக்குடியும் நாப்தாவில் பிறந்து, அண்மை ஆண்டுகளில் இயற்கை எரிவாயுவுக்கு மாறிவிட்டன. நாப்தாவோடு அரை நூற்றாண்டு பழகிய கைகளின் அறிவு, அந்தக் கைகளுக்கு உரியவர்கள் ஓய்வுபெறும்போது அவர்களோடே போய்விடும். திறப்பு விழாவில் நாடா வெட்டியவர்களின் படங்கள் பத்திரமாக இருக்கின்றன. விறகு அடுக்கியவர்களின் படமும், முதல் ஷட்டவுனில் உலைக்குள் இறங்கியவர்களின் படமும் எந்த அருங்காட்சியகத்தின் சுவரில் இருக்கின்றன? ஒரு 45 கிலோ யூரியா மூட்டையை வாங்கும் உழவர் அதன் பின்னால் இருக்கும் உழைப்பை அறிய வழி வேண்டுமென்றால் அந்தப் படங்கள் வேண்டும்.

ஆகவே ஆலை நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஷட்டவுனுக்கான வேலைப் பட்டியலில், வெல்டிங்குக்கும் சோதனைக்கும் இடம் ஒதுக்குவதுபோல் படம் எடுப்பதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். எடுத்தவற்றைத் தேதியோடும் பெயர்களோடும் வையுங்கள். தொழிலாளரும் பக்கத்து ஊராரும் பார்க்கத் தக்கவற்றை அவர்களுக்குக் காட்டுங்கள். மணலியிலும் தூத்துக்குடியிலும் நெய்வேலியிலும் எண்ணூரிலும் ராணிப்பேட்டையிலும் உர ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பங்களிடமும் ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் பழைய ஆல்பத்தில் ஹெல்மெட் அணிந்து நாலைந்து பேர் ஒரு திறந்த கலத்தின் முன் நிற்கும் படம் இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஆண்டையும், அந்தக் கருவியின் பெயரையும், நிற்பவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் இன்றே எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.